ஒற்றைப் பிள்ளைக் கஷாயம்

எனக்குச் சமையல் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் போகப்போக நாம் சூப்பைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கும். என் பேர் ராஹேல். ராஹேல் வீட்டு நாய்கூட ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில்தான் சாப்பிடும் என்று எங்கள் ஊரில் கேலி செய்வார்கள். பொய்யில்லை, நானே பார்த்திருக்கிறேன். என் பீன்ஸ் சூப் கசக்கும் என்பது ஊரறிந்த விஷயம் என்பதால், அது வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கசந்தபோது என் மகள் லிதி சந்தேகப்படவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்துவிடுவாள். அம்மா மனம் நோகக்கூடாது என்று நினைக்கிற பெண் அவள்.

நீதிபதி ஐயா, பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு நீங்கள் காத்திருப்பது தெரிகிறது. ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். ஒரே வரியில் சொல்லிவிட முடிந்தால் நானும் சொல்லிவிடுவேன். இந்த மரநாற்காலி எனக்கும் இடுப்பை வாங்குகிறது. ஆனால் நீங்கள் நகரத்துக்காரர். உங்களுக்கு நிலம் என்றால் ரயில் ஜன்னலில் ஓடுகிற பச்சை. அதனால் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் அப்பா அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. என் அம்மா அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. இரண்டு நிலமும் அடுத்தடுத்து இருந்ததால் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. நான் ஒரே பிள்ளை, என் புருஷன் மார்ட்டோனும் ஒரே பிள்ளை. எங்களுக்கும் அப்படியேதான் நடந்தது. எங்கள் ஊரில் முகத்தைப் பார்த்துப் பெண் எடுப்பதில்லை, வரப்பைப் பார்த்து எடுப்பார்கள். என் முகத்துக்கு அது நல்லதாகவே போயிற்று. இப்படியாக திராவா ஆற்றங்கரையில் எங்கள் நிலம் ஒரே துண்டாகக் கிடந்தது. ஊர்க்கோடியில் சோன்கா வீட்டில் நான்கு ஆண்பிள்ளைகள். அவர்கள் நிலத்தைப் பங்கு போட்ட பிறகு, உழுகிற குதிரை திரும்ப வேண்டுமென்றால்கூட தம்பியிடம் போய்க் கேட்க வேண்டும். பெரியவன் இப்போது எங்கோ செங்கல் சூளையில் கூலி வேலை செய்கிறான்.

எங்கள் வீடுகள் தடித்த உத்தரங்களின் மேல் நிற்பவை. ஆறு பொங்கினால் காளைகளைப் பூட்டி வீட்டையே மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவோம். நிலத்தை அப்படி இழுத்துப் போக வழியில்லை. அது இருக்கிற இடத்தில் இருக்கும், பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி சுருங்கும். ஆகவே எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பிள்ளை. இரண்டாவது உண்டானவள் தேவாலயத்துக்கு வந்தால் பெஞ்சில் யாரும் நகர்ந்து இடம் கொடுக்கமாட்டார்கள். "என்னடி, முயலா வளக்குறீங்க வீட்ல?" என்று வாசலிலேயே கேட்டுவிடுவார்கள். கேட்பவர்களில் நானும் உண்டு. என் குரல்தான் எடுப்பாகக் கேட்கும்.

அதற்காகத்தான் அருவதாச் செடி. சாம்பல் பூத்த பச்சையில் சின்னச் சின்ன இலை. விரலில் கசக்கினால் அந்த வாடை கை கழுவினாலும் போகாது. ஒற்றைப் பிள்ளை வீடு எது என்று தெரிந்துகொள்ள நீங்கள் உள்ளே போக வேண்டாம், ஜன்னலுக்குக் கீழே பார்த்தால் போதும். முதல் பிள்ளை பால் மறந்ததும் அம்மாவோ மாமியாரோ இலையைக் கொதிக்கவைத்துக் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு எதையும் நம்புகிறவள் இல்லை. சோதித்துப் பார்க்கிற புத்தி எனக்கு உண்டு. பக்கத்து வீட்டு ரெபேகாவின் பூனைக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பாலில் அருவதாத் தண்ணீர் கலந்து வைத்தேன். வசந்தம் வந்தது, குட்டி வரவில்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது கடுவன் பூனை என்று ரெபேகா சொன்னபோது கிணற்றடியில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், நானும்தான். ஆனால் செடியைப் பற்றிய என் எண்ணம் மாறவில்லை. அது பெட்டையாக இருந்திருந்தாலும் குட்டி போட்டிருக்காது என்றே எனக்குத் தோன்றியது.

குடித்தும் பெற்றவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். ஷோஃபி என்று ஒரு பெண், வயிறு தெரிய ஆரம்பித்ததும் நாங்கள் அவளைத் தேவாலயத்துக்கு வெளியே பிடித்துக்கொண்டோம்.

"ஒழுங்கா குடிச்சியாடி?" என்றேன்.

"குடிச்சேன்க்கா."

"வெறும் வயித்துலயா?"

"ஆமாக்கா, கண்ண மூடிக்கிட்டு குடிச்சேன்."

"அறுப்பு சமயத்துலயும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஒரு நாள் ரெண்டு நாள் விட்டுப்போயிருக்கும்."

"பாத்தியா? நான் அப்பவே நெனச்சேன்" என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். பிள்ளை பிறக்காவிட்டால் செடி வேலை செய்தது. பிறந்துவிட்டால் அவள் சரியாகக் குடிக்கவில்லை. அருவதாமேல் எங்கள் ஊரில் ஒருநாளும் குற்றம் நிரூபணமானதில்லை, ஐயா. அப்படியொரு வக்கீல் கிடைத்தால் எனக்குக்கூட விடுதலை வாங்கிக்கொடுத்துவிடுவார்.

லிதி பிறந்த பிறகு நானும் வருஷக்கணக்காகக் குடித்தேன். வேறு பிள்ளை பிறக்கவில்லை. மார்ட்டோன் அந்தக் காலத்தில் அடிக்கடி படகில் ஆற்றைக் கடந்து போவார். அக்கரையில் கன்று விலை குறைவு என்பார். கன்று ஒன்றும் வீட்டுக்கு வந்ததில்லை. அவரை அடக்கம் செய்த அன்று, அக்கரைக் குரோஷியக்காரி ஒருத்தி மூன்று பிள்ளைகளோடு கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தாள். மூன்றுக்கும் மார்ட்டோனின் விரிந்த காது. ரெபேகா என் கையைப் பிடித்து, "அக்கா, அந்தப் பக்கம் பாக்காதீங்க" என்றாள். நான் பார்த்தேன். அப்போது என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? அக்கரையில் அருவதா வளர்வதில்லை போலிருக்கிறது என்றுதான் ஓடியது. சத்தியமாகச் சொல்கிறேன், வேறு எதுவும் தோன்றவில்லை. அழுகை வீட்டுக்கு வந்து அவருடைய பூட்ஸைப் பார்த்த பிறகுதான் வந்தது.

லிதி ஒற்றையாய் வளர்ந்தாள். சின்ன வயதில் ரொட்டியை இரண்டாகப் பிட்டு ஒன்றை நாய்க்கு முன்னால் வைத்து, "அண்ணா, உன் பங்கு" என்பாள். நாங்கள் சிரிப்போம். வளர்ந்த பிறகு அவளுக்குக் கெதெயோனைக் கட்டிவைத்தேன். மேட்டுக் கிராமத்துப் பையன், கூடப்பிறந்தவர்கள் ஏராளம், நிலம் கிடையாது. எங்கள் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். எங்களோடு பேசுவது குறைவு. குதிரைகளிடம் மட்டும் நாள் முழுக்கப் பேசுவான்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் வீட்டுக்குள் படுப்போம், ஆண்கள் தொழுவத்தில் குதிரைகளோடு படுப்பார்கள். கல்யாணமானவர்களும் அப்படித்தான். புருஷனுக்கு மனைவி ஞாபகம் வந்தால் எழுந்து வர வேண்டும். லிதியின் உள்ளறைக்குப் போக என் அறையைத் தாண்ட வேண்டும். எனக்குத் தூக்கம் குறைவு, இருமலும் உண்டு. அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் நான் இடுப்பில் அடிபட்டு ஷிக்லோஷ் நகரத்தில் ஒரு தூரத்துச் சொந்தக்காரி வீட்டில் படுத்திருந்தேன். குணமாகித் திரும்பி வந்தபோது லிதி முழுகாமல் இருந்தாள். பேத்தி யூலி பிறந்தாள். ஒரு பிள்ளை ஆயிற்று, இனி செடியின் பொறுப்பு என்று நிம்மதியானேன்.

லிதி கொஞ்ச காலம் சொன்னபடி குடித்தாள். பிறகு ஒருநாள் காலையில் கோப்பையை மேஜைமேல் தள்ளி வைத்தாள்.

"எனக்கு இது வேணாம்மா."

"ஒண்ணு போதும்டி. ஊரே ஒண்ணோட நிக்குது."

"ஊர் நின்னுட்டுப் போகட்டும். அங்க பாரு, யூலி கோழிகூட உக்காந்து பேசிட்டிருக்கா. நான் நாயை அண்ணன்னு கூப்ட்டு வளந்தேன். அவ கோழிய அக்கான்னு கூப்டணுமா?"

"நெலம் ரெண்டாப் போயிரும்."

"போகட்டுமே. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உழட்டும். ஒருத்தருக்கொருத்தர் தண்ணி குடுத்துக்கட்டும்."

இப்படிப் பேசுகிறவளிடம் என்ன வாதாடுவது? நான் வாதாடவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். மறுநாளிலிருந்து அது அவள் கிண்ணத்துச் சூப்புக்குள் போனது.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல வருஷங்கள் என்று சொன்னால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள். எனக்கு ஊரில் அவ்வளவு மரியாதை. கையில் முட்டையும் வெண்ணெயுமாகப் பெண்கள் வந்து, "ராஹேல் அக்கா, உங்க செடியில ஒரு கொத்து குடுங்க" என்பார்கள். மற்றவர்கள் வீட்டிலும் அதே செடி இருந்தது. ஆனால் என் கை ராசியானது என்று பேராகிவிட்டது. எப்படிக் கொதிக்கவைப்பது, எப்போது குடிப்பது என்று போதகர் பிரசங்கம் செய்கிற தோரணையில் சொல்லிக்கொடுப்பேன். சந்தேகப்பட்டவர்களுக்கு ஒரே பதில்தான்: என் மகளைப் பாருங்கள்.

என் மகள் தான் மலடாகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள். மாதாமாதம் ஒரு நாள் கொல்லைப்புறம் போய் அழுதுவிட்டு வருவாள். ரெபேகாவிடம் ரகசியமாகப் போய், பிள்ளை உண்டாக ஏதாவது மருந்து தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். ரெபேகா ரகசியம் காக்கிற ஆள் இல்லை. அன்று நான் லிதியை மடியில் சாய்த்துக்கொண்டு, "அழாதடி, கர்த்தர் குடுக்க நெனச்சா குடுப்பாரு" என்றேன். அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனேன். சூப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

பிறகு அந்த வெள்ளம் வந்தது. பனி உருகி திராவா ஊருக்குள் ஏறியது. ஊர்க்காளைகளையெல்லாம் பூட்டி வீட்டைத் தேவாலயத்து மேட்டுக்கு இழுத்துப் போனோம். உள்ளே ஒரு தட்டுகூட உடையவில்லை. ஆனால் தொழுவம் மண் சுவர், அது கரைந்துபோயிற்று. குதிரைகளைத் தேவாலயத்துக் கொட்டகையில் கட்ட இடம் கொடுத்தார்கள். அங்கே வைக்கோல் இருந்ததால், பைப் புகைக்கிற ஆண்கள் யாரும் படுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எனவே கெதெயோன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து லிதியின் அறையில் படுத்தான். வேறு எங்கே படுப்பான்?

அருவதாவை வெள்ளத்துக்கு முன்பே வேரோடு பெயர்த்து ஒரு தொட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். ஒருநாள்கூடத் தவறவிடவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், என்னை விசாரித்த உங்கள் டாக்டரும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒருநாள் நான் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே அவர்கள் இருவரும் சிரிப்பது கேட்டது. கெதெயோனுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஏனோ எனக்கு மார்ட்டோனின் ஞாபகம் வந்து, விறகுமேல் கோபம் கோபமாக வந்தது.

செர்ரிப் பழம் பழுக்கிற சமயத்தில் லிதி ஓடிவந்து என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள்.

"அம்மா, நாள் தள்ளிப் போயிருக்கு. கர்த்தர் குடுத்துட்டாரும்மா. நீ சொன்ன மாதிரியே."

கொஞ்சம் மூளையுள்ளவளாக இருந்தால் அந்த இடத்திலேயே என் செடி வெறும் செடி என்று புரிந்துகொண்டிருப்பேன். தினமும் குடித்தவள், என் கையாலேயே குடித்தவள் உண்டாகியிருக்கிறாள். நான் அப்படி யோசிக்கவில்லை. வெள்ளத்து ஈரத்தில் வேர் ஊறிப்போய் செடி வீரியம் இழந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். மேட்டு மண் வேறு ஒத்துக்கொள்ளவில்லை. சூப்பில் இலையைக் கூட்டினேன். லிதிக்கு வயிற்றுவலி வந்தது. பிள்ளை கலையவில்லை.

இதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் எனக்கே யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. வெளியே வந்தபோது ரெபேகா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன ராஹேல் அக்கா, வெள்ளத்துல மருந்தும் நீச்சலடிச்சுப் போயிருச்சா?" என்றாள். கடுவன் பூனைக்குச் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. இந்த முறை நான் சேர்ந்து சிரிக்கவில்லை. நிலத்துக்காகச் செய்தேன் என்று போலீஸ்காரர்களிடம் சொன்னேன் அல்லவா, அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, எனக்கு மூக்கறுபட்டுப் போயிற்று. ஊருக்கே பாடம் நடத்தியவள் வீட்டில் இரண்டாவது பிள்ளை. அது பிறந்து, வளர்ந்து, என் முன்னால் நடமாடிக்கொண்டிருக்கும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

புல் அறுக்கிற காலத்தில் லிதி இறந்தாள். நான் துக்கத்துக்கு வெள்ளை உடுத்தினேன். எனக்கு வெள்ளை பொருந்தாது, பூசணிக்காய்மேல் துணி போர்த்தியது போல இருக்கும். ஆனால் எங்கள் வழக்கம் அது.

போன வாரம் இதே அறையில் உங்கள் டாக்டர் ஹோர்னுங் என்னைக் கேள்வி கேட்டார். நல்ல மனிதர், என்னைத் திட்டக்கூட இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏம்மா, இத்தன வருஷமா உங்க மாப்பிள்ளை எங்க படுத்தாரு?"

"தொழுவத்துல."

"உங்க பொண்ணு?"

"உள்ளறையில."

"அதுக்குப் போற வழி?"

"என் ரூம் வழியாத்தான் போகணும்."

"நீங்க நல்லா தூங்குவீங்களா?"

"எனக்கு ஏதுங்க தூக்கம்? இருமிக்கிட்டே கெடப்பேன்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அப்ப மருந்து அந்தச் செடி இல்லம்மா. நீங்கதான்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என்ன செய்வது, சிரிப்பு வந்தது. ஊருக்கெல்லாம் கொத்துக் கொத்தாகக் கிள்ளிக் கொடுத்தேனே, அதற்குப் பதிலாக வீட்டுக்கு வீடு போய்ப் படுத்து இருமிவிட்டு வந்திருக்கலாம். எங்கள் வீட்டில் பிள்ளை பிறக்காமல் தடுத்தது என் இருமலும் இரண்டு குதிரைகளும். டாக்டர் பொறுமையாக விளக்கினார். குடித்தும் பெற்றவர்களை ஒதுக்கிவிட்டு, குடித்துப் பெறாதவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் கிணற்றுத் தண்ணீரும் மருந்துதான் என்றார். மருந்தே குடிக்காத பெண்களிலும் எத்தனை பேருக்கு இரண்டாவது பிறக்கவில்லை என்று பார்த்தீர்களா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் குடிக்காதவர்களே கிடையாதே. அதிகம் போனால் அருவதா குடலையும் ஈரலையும் கெடுக்கும், அவ்வளவுதான் அது செய்யும் வேலை என்றார். அடைத்து வைத்திருக்கிற அறைக்குத் திரும்பிய பிறகு எனக்கு மார்ட்டோனைப் பற்றியும் யோசனை வந்தது. அந்த வருஷங்களில் அவர் என் அறைக்கு எத்தனை தரம் வந்தார் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்துப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. அத்தனை கசப்பையும் நான் வீணாகத்தான் குடித்திருக்கிறேன்.

சரி. நீங்கள் காத்திருக்கிற இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் முற்றத்தில் தொட்டியில் ஓர் அரளி உண்டு. சிவப்புப் பூ, குளிர்காலத்தில் உள்ளே வைத்துக் காப்பாற்றி வளர்த்தது. கெதெயோன் வந்த புதிதில் என்னிடம் அதிகமாகப் பேசிய ஒரே பேச்சு அதைப் பற்றித்தான். "அத்தை, அந்தத் தொட்டிய தொழுவத்துப் பக்கம் வைக்காதீங்க. குதிர வாய் வெச்சா அவ்ளோதான், நெஞ்சு நின்னுரும்" என்றான். நான் தொட்டியை நகர்த்தி வைத்தேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். அருவதா கைவிட்டால் அரளி கைவிடாது என்று எங்கள் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் தெரியும். குதிரைக்கு அளவு தெரியாது, எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். உப்புப் போடவே அளவு தெரியாதவள் அப்படி நினைத்தேன்.

முதல் நாள் அரளி இலையைக் கொதிக்கவைத்து அவள் சூப்பில் கலந்து கொடுத்தேன். லிதிக்கு வாந்தி வந்தது, நிற்கவில்லை. கட்டிலில் சுருண்டு கிடந்தாள். "நெஞ்சு என்னமோ பண்ணுதும்மா. ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுது" என்றாள். கெதெயோன் வெளியே போய் வண்டியில் குதிரைகளைப் பூட்டினான். ஷிக்லோஷுக்குப் போய் டாக்டரைக் கூட்டிவரத்தான். நான் போய் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க கெளம்பிட்டீங்க மாப்பிள்ளை?"

"டாக்டரக் கூட்டியாறேன் அத்தை. அவ மூஞ்சியே சரியில்ல."

"முழுகாம இருக்கறவளுக்கு வாந்தி வராம வேற என்ன வரும்? இது பொம்பளைங்க சமாச்சாரம். ஆம்பள டாக்டர் வந்து பாத்தா ஊர் சிரிக்கும்."

"அத்தை, எனக்கு பயமா இருக்கு."

"இந்த வீட்ல எது எப்படின்னு உங்களவிட எனக்குத் தெரியும்" என்றேன்.

வீட்டோடு மாப்பிள்ளை மாமியாரை மீற முடியாது. அவன் குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு ஒவ்வொரு வாராக அவிழ்த்தான். டாக்டர் வந்திருந்தால் அவள் பிழைத்திருக்கலாம் என்று ஹோர்னுங் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிள்ளையும் பிழைத்திருக்கும் என்றும் தோன்றியது.

உள்ளே போனபோது லிதி தண்ணீர் கேட்டாள். உதடு வெடித்திருந்தது. நான் போர்வைக்குள் கைவிட்டுப் பார்த்தேன், பிள்ளை இன்னும் கலையவில்லை. அடுப்படிக்குப் போனேன். குடத்தில் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் சட்டியில் முந்தின நாள் கொதிக்கவைத்த அரளியும் மிச்சமிருந்தது. நான் தண்ணீரை எடுக்கவில்லை.

"கசக்குதும்மா" என்றாள்.

"மருந்துன்னா கசக்கத்தாண்டி செய்யும். குடிச்சிரு."

முழுக்கக் குடித்தாள். குடித்துவிட்டு, "நீ எங்கயும் போயிராத" என்றாள். நான் போகவில்லை. கடைசிவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குக் கை சில்லிட்டுப் போகிறது என்று என் சால்வையைச் சுற்றிவிட்டேன்.

அடக்கத்தன்று சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடக்கும்போது கெதெயோன் அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டான். "அத்தை, அரளி ஏன் மொட்டையா நிக்குது?" என்று கேட்டான். கல்லறையிலிருந்து திரும்பியதும் அவன் போலீஸுக்குப் போக வண்டி பூட்டினான். அந்தத் தடவை யாரிடமும் கேட்கவில்லை. யூலியையும் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டானாம். அங்கே வாசல் கொள்ளாமல் பிள்ளைகளாம். அவள் இப்போது கோழியோடு பேசுவதில்லை என்று ரெபேகா வந்து சொன்னாள். நிலம் ஒரே துண்டாகத்தான் கிடக்கிறது. புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டதாம்.

இவ்வளவுதான் ஐயா. என் மகளைக் கொன்றேன். தெரிந்து கொன்றேன், ஒரு தரம் யோசிக்க அவகாசம் கிடைத்தும் மறுபடி கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கைநாட்டு வைக்கிறேன். தூக்கு என்றாலும் சரி, ஆயுள் என்றாலும் சரி, முறையிடமாட்டேன்.

உங்கள் குமாஸ்தா டாக்டரின் அறிக்கையைக் காலையில் எனக்குப் படித்துக்காட்டினார். அதில் ஒரு வரி இருக்கிறது: அருவதாவோ அரளியோ பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் மருந்து ஆகாது, இரண்டும் பயனற்றவை. அருவதாவைப் பற்றி நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன், அவர் சொன்னதுதான் சரி, நான்தான் முட்டாள். ஆனால் அரளியையும் அதோடு சேர்த்து எழுதியிருப்பது நியாயமில்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். என் மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கவில்லை, ஐயா.